நூற்று நாற்பது வரட்டும்

எடைமேடைக்காரரை எல்லோரும் கிலோ என்றுதான் கூப்பிட்டார்கள். லாரி ஓட்டுநர்கள் வைத்த பேர். அவரும் அதைப் பெரிய பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டு இருபத்தாறு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தார். நெடுஞ்சாலையிலிருந்து தொழிற்சாலைகளுக்குப் பிரிகிற சாலையின் முனையில் இருந்தது அந்த எடைமேடை. தரையோடு தரையாக ஒரு நீளமான இரும்புப் பாலம், பக்கத்தில் ஒரு ஆள் நிம்மதியாகக் கால் நீட்ட முடியாத அறை, அறைக்குள் ஒரு மேசை, சிவப்பு எண்கள் எரிகிற பெட்டி, சீட்டு அடிக்கிற யந்திரம். அவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம்.

லாரி காலியாக வரும்போது ஒரு எடை, பாரம் ஏற்றித் திரும்பும்போது ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. அதில் இருபது கிலோ தப்பினால்கூடச் சண்டைக்கு வந்துவிடுவார்கள். கிலோ தப்பவிட்டதில்லை. மழை பெய்தால் பாலத்தில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளி, பெட்டியில் பூஜ்யம் வந்த பிறகுதான் அடுத்த வண்டியை ஏறச் சொல்வார். ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்காமல் இருந்தால், "உன்னையும் சேத்து விக்கப் போறியா, இறங்குப்பா" என்பார்.

இவ்வளவு கறாரான மனுஷன் தன் சொந்தக் காசை எப்படிப் போட்டார் என்று கேட்டால் முதலில் சிரிப்பு வரும், அப்புறம் வயிற்றெரிச்சல் வரும்.

அதே சாலையின் கோடியில் ஒரு பைப் கம்பெனி. அதன் வண்டிகள் இவருடைய பாலத்தில் ஏறி இறங்கித்தான் வெளியே போகவேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கணக்கு முடிக்கும்போது பார்த்தார், பைப் வண்டி மட்டும் இருபத்தேழு. முந்தின வருஷம் இதே மாதத்தில் ஒரு நாளைக்குப் பத்தொன்பதைத் தாண்டியதில்லை. அறைக்குள்ளேயே எழுந்து நின்றுவிட்டார். ஊரில் எவனுக்கும் தெரியாதது தனக்குத் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு ஒரு மனுஷனை என்ன பாடுபடுத்தும் என்று சொல்லி மாளாது. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"பங்கு வாங்கறவனெல்லாம் குளுகுளு ரூம்ல உக்காந்துகிட்டு பேப்பர் படிச்சு வாங்கறான். எனக்கு எதுக்கு பேப்பரு? வண்டி என் கண்ணு முன்னாடியில்ல போகுது" என்றார் மனைவியிடம்.

மனைவி ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். நாளெல்லாம் வெள்ளை விரிப்புகளை நீவி மடித்து அடுக்குகிற வேலை. நீராவியில் நின்று நின்று அவள் கைத்தோல் எப்போதும் ஊறிப்போய்த்தான் இருக்கும். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "பாதி போட்டா போதாதா?"

"பாதி தெரிஞ்சா பாதி போடலாம். முழுசா தெரிஞ்சவன் எதுக்குப் பாதி போடணும்?"

அவளுக்கு அதில் ஏதோ இடித்தது. ஆனால் எடையில் ஒரு தப்பு செய்யாத ஆள், காசு விஷயத்திலும் பார்த்துத்தான் செய்வார் என்று விட்டுவிட்டாள். இரண்டு பேரும் இருபது வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது மொத்தமும் அந்தப் பைப் கம்பெனிக்குள் போயிற்று. ஒரு பங்கு நூற்று நாற்பது என்று வாங்கினார். இரண்டே மாதத்தில் நூற்று அறுபது தொட்டது. அந்த நாட்களில் கிலோவைப் பிடிக்க முடியவில்லை. டீ குடிக்க இறங்கிய ஓட்டுநர்களை நிறுத்திவைத்துப் பாடம் எடுத்தார். நெட்டை என்று ஒரு ஓட்டுநர், பைப் வண்டிதான் ஓட்டுவான். அவன் மட்டும், "அண்ணே, கம்பெனியே உங்க பேருக்கு வந்துட்டா எனக்குச் சம்பளம் ஏத்திடுங்க" என்று கிண்டல் செய்தான்.

அப்புறம் இறங்க ஆரம்பித்தது. நூற்று முப்பது, நூற்றுப் பத்து, தொண்ணூற்றைந்து. ஒரு வருஷத்துக்குமேல் கிலோ அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கவில்லை. மனைவியும் எடுக்கவில்லை. பார்க்காமல் மூடிவைத்த பாத்திரம் கெட்டுப்போகாது என்று நினைக்கிற ஆட்கள் உண்டு. கிலோ அந்த ரகம். போனில் மட்டும் யாருக்கும் தெரியாமல் நாளைக்கு இருபது தடவை எண்ணைப் பார்த்துக்கொள்வார்.

அவர்கள் இருந்தது கீழ்வீடு. மாடியில் வீட்டுக்காரம்மா, மாடியம்மா என்று கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷ வாடகை. மழை தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் காலையில் மாடியம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். கிலோ வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மனைவி அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"நான் மகன்கிட்டயே போயிடலாம்னு இருக்கேன். முட்டி விடமாட்டேங்குது. மேல கீழ ரெண்டையும் சேத்து விக்கச் சொல்றான் அவன். நான்தான் கீழ்வீட்டத் தனியா கொடுக்கலாம்னு சொன்னேன். வெளியில சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்டக் கேக்கணும்னு பட்டுது" என்றார் மாடியம்மா.

மனைவி ரொட்டியை இறக்கிவைத்துவிட்டு விலையைக் கேட்டாள். மாடியம்மா சொன்னார். வெளியே கேட்டால் இதைவிட நிச்சயம் கூடுதல் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"மூணு மாசம் பொறுக்கறேன். மழை விடறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்க. அதுக்குமேல மகன் கேக்கமாட்டான்."

அவர் மேலே போன பிறகு மனைவி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் அடிக்கடி உட்காருகிறவள் இல்லை. அந்த வீட்டில் ஒரு கொக்கி மாட்டுவதற்குக்கூட மாடியைக் கேட்டிருக்கிறாள். சுவருக்குப் பிடித்த நிறம் அடிக்க ஆசைப்பட்டு, நம்ம வீடா என்ன என்று அவளே வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். இப்போது மனசுக்குள் கணக்குப் போட்டாள். கணக்கு முடிந்ததும் முகம் தெளிந்தது.

"என்னங்க, இப்ப அந்தப் பங்கு என்ன விலை?"

கிலோ செருப்பை மாட்டியபடியே, "எம்பத்தி நாலு" என்றார்.

"அப்படியே வித்தா என்ன வரும்?"

அவர் சொன்னார்.

"என் ஆஸ்பத்திரிப் பணத்தையும் சேத்தா சரியா வருதுங்க. பத்திரச் செலவுக்கு என் வளையல் இருக்கு. நாளைக்கே வித்துடுங்க."

"எம்பத்தி நாலுக்கா?"

"பின்ன?"

"நூத்தி நாப்பதுக்கு வாங்கினதும்மா அது. நூத்தி நாப்பது வரட்டும். வந்த அன்னிக்கே வித்துடறேன். ஒரு நாள் கூட வெச்சிருக்கமாட்டேன்."

"அது வரலன்னா?"

"ஏன் வராது? வண்டி போயிட்டுத்தானே இருக்கு. நேத்துகூட முப்பத்தி ஒண்ணு. விக்காத வரைக்கும் நஷ்டம்னு ஒண்ணு கெடையாது, அத ஞாபகம் வெச்சுக்க. வித்தாத்தான் நஷ்டம்."

அவர் போனார். அன்றைக்கு முழுக்க மழை. பாலத்தைத் தள்ளித் தள்ளி அவருக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது.

சீட்டு நகல்களைக் கிலோ வீட்டில்தான் வைத்திருப்பார். எடை அறையில் ஈரம் ஏறுகிறது என்று, மாதம் முடிந்ததும் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்துவிட்டு வந்தபோது மனைவி தரையில் உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்துப் பரப்பிவைத்திருந்தாள். வருஷவாரியாக அடுக்கி, பைப் கம்பெனிச் சீட்டுகளை மட்டும் தனியே எடுத்திருந்தாள். விரிப்பு அடுக்கிய கை. எதையும் ஓரம் சேர்த்துத்தான் வைக்கும்.

"இங்க வாங்க. இது நீங்க பங்கு வாங்கின மாசம். ஒரு வண்டிக்குச் சரக்கு என்ன போட்டிருக்கு?"

"பத்தொம்போது டன்."

"அடுத்தது?"

"பதினெட்டரை."

"இது போன மாசம். படிங்க."

கிலோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பதினொன்று. பத்தே முக்கால். ஒன்பது. எல்லாம் அவரே அடித்த சீட்டு. அவர் கையெழுத்து.

"வண்டி முப்பத்தி ஒண்ணுன்னு சொல்றீங்க. முப்பத்தி ஒரு வண்டியும் பாதி காலியா போகுதுங்க. முன்ன பெரிய பெரிய ஆர்டர் இருந்திருக்கு. இப்ப சில்லறை சில்லறையா கொண்டுபோய்க் கொடுக்கறாங்க. வாழ்க்கையெல்லாம் எடை போட்டுட்டு, இதுல மட்டும் வண்டிய எண்ணிட்டீங்களே."

கிலோ கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்தார். உள்ளே ஏதோ ஒன்று ஆமாம் என்றது. அதை அவர் பேசவிடவில்லை.

"இப்பல்லாம் பைப்பையே லேசா செய்யறாங்கம்மா. புது மாதிரி. எடை கம்மியா இருந்தாலும் விலை ஜாஸ்தி. உனக்கு அதெல்லாம் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமா?"

"நெட்டை சொன்னான்."

நெட்டை அப்படிச் சொல்லவேயில்லை. அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது. சொன்ன பிறகு அவருக்கே அது உண்மையாகிவிட்டது. மறுநாள் அவனைப் பிடித்து, "பைப்பு இப்ப லேசாத்தான்டா செய்யறாங்க?" என்று கேட்டு, அவன் "இருக்கும்ணே" என்றதும் நிம்மதியானார்.

மனைவி சீட்டுகளைத் திரும்பக் கட்டினாள். கட்டிக்கொண்டே, "ஒண்ணு கேக்கறேன், கோவிக்காம சொல்லுங்க" என்றாள். "இப்ப அந்தக் காசு ரொக்கமா இந்தப் பாய்மேல இருக்குன்னு வெச்சுக்குங்க. பங்கு கிங்கு ஒண்ணும் இல்ல. இதே பைப்பு பங்கு எம்பத்தி நாலுக்குக் கெடைக்குது. எடுத்துட்டுப் போய் வாங்குவீங்களா, வீட்ட வாங்குவீங்களா?"

"பங்கையா? இப்பவா? எனக்கென்ன பைத்தியமா?"

"அப்ப எதுக்கு வெச்சிருக்கீங்க?"

கிலோ எழுந்து போய், இப்போதுதான் குளித்த முகத்தை இன்னொரு தடவை கழுவினார்.

"எங்க ஆஸ்பத்திரியில விரிப்பு கிழிஞ்சா துடைக்கிற துணிக்குக் கழிச்சுடுவாங்க" என்றாள் அவள் பின்னாலிருந்து. "புதுசுல என்ன விலைக்கு வாங்கினோமோ அந்த விலைக்குத்தான் கழிப்போம்னு யாரும் அடம்பிடிக்கமாட்டாங்க."

"அது துணி. இது என் உழைப்பு."

"நம்ம உழைப்பு" என்றாள் அவள். அதற்குமேல் அன்றைக்குப் பேச்சு இல்லை. உருளைக்கிழங்கை வேகவைத்து உப்பும் மிளகும் போட்டு வைத்தாள், இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

கிலோவைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அவருக்கு வீடு வேண்டாம் என்றில்லை. எண்பத்து நாலுக்கு விற்றுவிட்டு அந்த வீட்டில் குடியிருந்தால், ஒவ்வொரு சுவரும் தன்னைப் பார்த்து ஏமாந்தவன் என்று சொல்லும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நூற்று நாற்பதில் விற்றுவிட்டால் எதுவுமே நடக்காதது மாதிரி ஆகிவிடும். இடையில் போன இரண்டு வருஷமும், பாதி போடுங்கள் என்று அவள் சொன்னதும், எல்லாமே அழிந்துபோகும். அவர் கேட்டது லாபம் இல்லை. தான் தப்பு செய்யவில்லை என்று ஒரு சீட்டு கேட்டார்.

அடுத்த மாதம் பங்கு தொண்ணூற்றேழுக்கு ஏறியது. மனைவி வாசலிலேயே நின்று கேட்டாள்.

"தொண்ணூத்தி ஏழாமே. வித்துடலாமா?"

"ஏறிக்கிட்டு இருக்கும்போது யாராவது விப்பாங்களாம்மா?"

இரண்டு வாரத்தில் எண்பத்தாறுக்கு இறங்கியது. மறுபடி கேட்டாள்.

"இறங்கிக் கெடக்கும்போது யாராவது விப்பாங்களாம்மா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண் கலங்கியிருந்தது. அதன் பிறகு அவள் விலையைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்பதை நிறுத்தியது நல்லதற்குத்தான் என்று கிலோ நினைத்துக்கொண்டார்.

மழை விட்டது. மாடியம்மா ஒரு தடவை கேட்டார், கிலோ பதினைந்து நாள் தவணை வாங்கினார். இரண்டாவது தடவை கேட்டார், இன்னும் பத்து நாள். மூன்றாவது தடவை மாடியம்மா கேட்கவில்லை. மகன் வந்தார், மருந்துக்கடைக்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்து மேல் கீழ் இரண்டையும் காட்டினார். மருந்துக்கடைக்காரர் சமையலறைக்குள் வந்து, சுவரைத் தட்டிப்பார்த்து, "இத இடிச்சுட்டா நல்லா பெரிசா வரும்" என்றார். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டைக் காலி செய்ய ஒரு மாதம் கொடுத்தார்கள். சாமானைக் கட்டுகிற கடைசி வாரத்தில்தான் மனைவி சொன்னாள், அவள் தங்கச்சி வீட்டுக்குப் போவதாக. தங்கச்சி இருப்பது பஸ்ஸில் நாலு மணி நேரம் தள்ளி.

"எத்தன நாளைக்கு?" என்றார் கிலோ.

"தெரியல."

"கோவமா?"

"கோவம் இல்லங்க. கோவம் வந்திருந்தா சண்ட போட்டுட்டு இங்கயே இருந்திருப்பேன். உங்க கூட உக்காந்து அந்த எண்ணுக்குக் காத்திருக்க என்னால முடியல. அவ்வளவுதான்."

"வந்துடும்மா. நூத்தி நாப்பது வந்துடும்."

"வந்ததும் சொல்லுங்க."

தன் ஆஸ்பத்திரிப் பணத்தையும் துணிமணியையும் மட்டும் எடுத்துக்கொண்டாள். கிலோ பஸ் நிலையம்வரை போய் ஏற்றிவிட்டார். ஜன்னலோரம் இடம் கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றாள்.

அவர் எடைமேடைக்குப் பக்கத்திலேயே, டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை பிடித்தார். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, தண்ணீர் சொட்டுகிற ஒரு குழாய். கீழே காற்றடிக்கிற யந்திரம் ஓடினால் கட்டில் அதிரும். முதல் வாரம் வழக்கப்படி இரண்டு பேருக்கு அரிசி அளந்து போட்டுவிட்டார். மிச்சத்தை மறுநாள் காலையில் சாப்பிட்டார். இரண்டாவது வாரமும் அதேதான் செய்தார். அளவு தெரியாமல் இல்லை, அளவு தெரியாமல் இருபத்தாறு வருஷம் பிழைக்க முடியுமா? ஒரு ஆளுக்கு அளப்பதற்கு அவருக்கு மனசு வரவில்லை.

வேலை நேரத்தில் ஓட்டுநர்கள் இருந்தார்கள். மாலையில் திரும்பினால் பேச்சுக்கு ஆள் கிடையாது. டயர் கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் காது மந்தம். வணக்கம் வைத்தால் வணக்கம் வைப்பார். கிலோ முட்டையை அவிப்பார், ரொட்டியோடு சாப்பிடுவார், அறை ஓரமாக உட்கார்ந்து போனைப் பார்ப்பார். சந்தை மூடி மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். எண் மாறாது என்று தெரியும். இருந்தாலும் பார்ப்பார். அந்த எண்ணுக்கு மட்டும்தான் அவர் யார் என்று தெரியும் என்பது மாதிரி ஒரு உறவு வந்துவிட்டது.

மனைவிக்கு வாரம் ஒரு தடவை போன் செய்தார். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். தோள்வலி எப்படி, பரவாயில்ல. அங்க மழையா, இல்ல, வெயில். இதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச வரவில்லை. விலையைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பேச்சு முடிந்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருப்பார். இப்படியே ஏழு மாதம் ஓடியது.

அப்புறம்தான் அந்தக் கூத்து நடந்தது. யாரோ ஒரு பெரிய கம்பெனிக்காரர்கள் இந்தப் பைப் கம்பெனியை வாங்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பைப்புக்காக இல்லையாம், நெடுஞ்சாலை ஓரத்து நிலத்துக்காகவாம். மெய்யோ பொய்யோ, பங்கு எகிற ஆரம்பித்தது. தொண்ணூறு, நூற்றெட்டு, நூற்று இருபத்தைந்து. ஒரு திங்கட்கிழமை மத்தியானம், பாலத்தில் ஒரு மணல் லாரி நின்றுகொண்டிருந்தபோது, போனில் நூற்று நாற்பது என்று வந்தது.

கிலோ எண்ணை இன்னொரு தடவை படித்தார். மணல் லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். "இருப்பா" என்று சொல்லிவிட்டு, விற்பதற்கான இடத்தை அழுத்தினார். அழுத்திவிட்டு மூன்று தடவை சரிபார்த்தார். விற்றாகிவிட்டது. வாங்கிய விலைக்கு, ஒரு பைசா குறையாமல்.

அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. எடைமேடையில் நின்ற எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார். "நான் சொன்னேனா இல்லையா? வண்டிய பாத்தவனுக்குத் தெரியாதா?" என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னார். நிலத்து விஷயத்தை அவர் வசதியாக மறந்துவிட்டார். சாயங்காலம் மனைவிக்குப் போன் செய்தார்.

"வித்துட்டேன். நூத்தி நாப்பது."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"கேக்குதா?"

"கேக்குதுங்க." அவள் மூச்சு விடுவது கேட்டது. அழுகிறாளோ என்று பட்டது. "நான் ஞாயித்துக்கெழம வரேன். வந்து பேசறேன்."

"பை எடுத்துட்டு வா."

"எடுத்துட்டு வரேன்."

அன்றைக்கு அவர் அரிசி இரண்டு பேருக்கு அளந்ததில் ஒரு நியாயம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்தது. பங்கு நூற்று நாற்பத்தொன்பது. விற்றுவிட்ட பங்குதான், அவருக்கும் அதற்கும் இனி என்ன? ஆனாலும் பார்த்தார். புதன்கிழமை நூற்று ஐம்பத்தெட்டு. நெட்டை சீட்டு வாங்க வந்தவன் ஜன்னலில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

"என்னண்ணே, மூணு வருஷம் கட்டிக் காத்துட்டு, பறக்கற அன்னிக்குக் கூண்ட திறந்து விட்டுட்டீங்களே. நானே நேத்து கொஞ்சம் வாங்கிட்டேன்."

"நீயா?"

"ஊரே வாங்குது. எரநூறு போகுமாம்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் கிலோவுக்கு அன்றைக்கு முட்டைகூட இறங்கவில்லை. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது தனியாக விழித்திருந்தவர் அவர். கஷ்டம் முழுக்க அவருடையது. பலன் மட்டும் நெட்டைக்கா? மனைவியை இழந்து, வீட்டை இழந்து, டயர் கடைக்கு மேலே கிடந்ததெல்லாம் வெறும் வாங்கின விலைக்கா? வியாழக்கிழமை காலை எண் நூற்று அறுபத்து மூன்று காட்டியது. இருநூறில் விற்றால் மருந்துக்கடைக்காரரிடமிருந்து அந்த வீட்டையே திருப்பி வாங்கிவிடலாம், அவள் ஞாயிற்றுக்கிழமை வரும்போது சொன்னால் அசந்துபோவாள் என்று நினைத்தார். கையிலிருந்த மொத்தத்தையும் போட்டுத் திரும்ப வாங்கினார். இந்தத் தடவை சரிபார்க்கக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை ஒரு பைப் வண்டிகூட எடைமேடைக்கு வரவில்லை. கம்பெனியில் யந்திரம் ரிப்பேராக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். சாயங்காலம் சந்தை மூடும்போது நூற்று இருபத்தொன்பது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அறையைப் பெருக்கித் துடைத்தார். சந்தைக்குப் போய் மீன் வாங்கிவந்து சுத்தம் செய்து வறுத்தார். ஒரு தலையணை புதிதாக வாங்கியிருந்தார். பதினொரு மணிக்கு மனைவி படியேறி வந்தாள். கையில் பெரிய பை. வெயிலில் நடந்து வந்த முகம் சிவந்திருந்தது. ஏழு மாதத்தில் கொஞ்சம் மெலிந்திருந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள், புதுத் தலையணையைப் பார்த்தாள், அடக்க முடியாமல் சிரித்தாள்.

"மீனெல்லாம் வறுக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"கத்துக்கிட்டேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்து பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். பேச அவளுக்கு அவசரம்.

"தங்கச்சி வீட்டுக்கு நாலாவது வீடுங்க. ரெண்டு ரூமு, சின்ன சமையலறை, கீழ்த்தளம். பழசுதான், ஆனா சுவர் நல்ல சுவர். வயசான வாத்தியார் ஒருத்தர் விக்கறாரு. உங்ககிட்ட கேக்காம நான் கொஞ்சம் முன்பணம் கொடுத்துட்டேன், என் காசுல. மீதி உங்ககிட்ட இருக்கற அளவுதான் ஆகுது. நீங்க திங்கக்கெழம போன் பண்ணீங்க பாருங்க, அன்னிக்குத்தான் அவரு விலை சொன்னாரு. அங்கயும் ஒரு அரிசி ஆலையில எடைமேடை இருக்கு. ஆள் வேணுமாம், நானே போய்க் கேட்டுட்டு வந்தேன். புதன்கெழமைக்குள்ள வாத்தியாருக்குப் பணம் கொடுத்துடணும்."

கிலோ கரண்டியைக் கீழே வைத்தார். பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தார். பணம் வர ஒரு வாரம் ஆகும் என்று சொல்லலாம். அவள் கண் அவர்மேல் நம்பிக்கையோடு இருந்தது. சொல்ல முடியவில்லை.

"திரும்ப வாங்கிட்டேன்" என்றார்.

"எத?"

"அதையேதான். வியாழக்கெழம. எரநூறு போகும்னாங்க. உனக்கு அந்தப் பழைய வீட்டையே..."

"எல்லாத்தையுமா?"

அவர் தலையை ஆட்டினார்.

அவள் காகிதத்தை மடித்தாள். மடித்த இடத்தை விரலால் நீவினாள். கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கத்தினால் நன்றாக இருந்திருக்கும்.

"என்ன விலைக்கு வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

"நூத்தி அறுபத்தி மூணு."

"இப்ப?"

"நூத்தி இருபத்தி ஒம்போது. சும்மா ஒரு இறக்கம்தான் இது. இப்ப வித்தா பெரிய அடி. நூத்தி அறுபத்தி மூணு மட்டும் வந்துட்டா, அன்னிக்கே..."

சொல்லிக்கொண்டிருந்தவர் தன் குரலைத் தானே கேட்டார். நிறுத்திக்கொண்டார். அவளும் கேட்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாளைக்கே இருக்கற விலைக்கு வித்துடுங்க" என்றாள் அவள் மெதுவாக. "கொறையற பணத்துக்கு நான் தங்கச்சிகிட்டக் கேக்கறேன். அடி விழுந்தா விழட்டும். எனக்கு அந்தப் பணம் ஒரு பொருட்டே இல்லங்க. நீங்க சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க, அது போதும்."

சரி என்பது எவ்வளவு சின்னச் சொல். கிலோவுக்கு அது தெரியும். அவள் இங்கே இருக்கவேண்டும் என்று ஏழு மாதமாக ஏங்கியவர் அவர். அவள் காலில் விழக்கூடத் தயாராக இருந்தார். ஆனால் வாயைத் திறந்தபோது கண்ணுக்கு முன்னால் நூற்று அறுபத்து மூன்றும் நூற்று இருபத்தொன்பதும் நின்றன. நடுவில் இருந்த முப்பத்து நாலைத் தாண்டி அவரால் வர முடியவில்லை.

"ஒரு பத்து நாள் மட்டும்" என்றார்.

மனைவி எழுந்தாள். அவர் வறுத்துவைத்த மீனைத் தட்டில் போட்டு, சோறும் வைத்து, இரண்டு பேருக்கும் பரிமாறினாள். சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாள். தன் தட்டைக் கழுவி வைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள், பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"ரெண்டு மணி பஸ் இருக்கு. நான் கெளம்பறேன்."

"நான் வந்து ஏத்திவிடறேன்."

"வேணாம்." வாசலில் நின்று திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "இந்த எண்ணு வந்ததும் எனக்குப் போன் பண்ணாதீங்க."

படி இறங்குகிற சத்தம் கேட்டது. கீழே டயர் கடை பூட்டியிருந்தது. தெரு முனைவரை அவள் போவதை ஜன்னலிலிருந்து பார்த்தார், பிறகு தெரு வெறுமையாயிற்று. அவர் கட்டிலில் உட்கார்ந்து, பழக்கத்தில் போனை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சந்தை திறக்காது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இன்னும் பாதி நாள் மிச்சம் இருந்தது.